கொல்லன் தெருவில் ஊசி: எல்லாம் வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு என்ன கிறிஸ்துமஸ் பரிசு கொடுப்பது?

குழந்தைகளுக்கான பரிசு அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும். அவர்களே நவம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார்கள். மாட்டிக்கொள்வது பெரியவர்களிடம்தான். வேண்டியதை வேண்டிய அன்றே வாங்கிவிடும் பெரியப்பா, எதைக் கொடுத்தாலும் "எதுக்கு இதெல்லாம்" என்னும் மாமியார், நம்மைவிட இரண்டு மடங்கு சம்பாதிக்கும் தம்பி. இவர்களுக்குப் பரிசு தேடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவதுபோல. அந்தத் தெருவில் பல வருடம் அலைந்தவன் நான். மற்றவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும், நானே என்னைக் கேட்டுக்கொண்டவையும் இவை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்பா" என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?

அதைச் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தது. "எனக்காகச் செலவு செய்யாதே" என்பதற்கும் அதே வார்த்தைதான். "வீட்டில் வைக்க இடமில்லை" என்பதற்கும் அதேதான். "போன வருடம் நீ கொடுத்ததே எனக்குப் பிடிக்கவில்லை, எப்படிச் சொல்வது" என்பதற்கும் அதேதான். முதல் ரகத்துக்குப் பணம் அதிகம் தெரியாத, உழைப்பு தெரிகிற ஏதாவது ஒன்று. இரண்டாவது ரகத்துக்குத் தீர்ந்துபோகிற அல்லது கையில் பிடிக்க முடியாத ஒன்று. மூன்றாவது ரகத்திடம் தயங்காமல் கேட்டுவிடுவதே நல்லது.

நிஜமாகவே எதுவும் வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். குறிப்பாக, வயதாகி வீட்டில் இருப்பதையே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குப் புதுப் பொருள் ஒரு சுமை. கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம் போதும். "நீங்கள் எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த நாள் நினைவிருக்கிறது" என்று ஒரு சம்பவத்தோடு எழுதுங்கள். "நீங்கள் எங்களுக்கெல்லாம் வழிகாட்டி" என்ற மாதிரி பொத்தாம்பொதுவாக எழுதினால் அது வாழ்த்து அட்டையாகிவிடும்.

கொடுக்கும்போது சந்தோஷப்படுகிறார்கள். அப்புறம் அந்தப் பொருளைப் பார்க்கவே முடிவதில்லை. ஏன்?

ஒருமுறை சித்தி வீட்டில் இரவு தங்கினேன். போர்வை எடுக்க அலமாரியின் மேல்தட்டைத் திறந்தால், நான் கொடுத்த மூன்று வருடப் பரிசுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேஜை விளக்கு, பெட்டியே பிரிக்கவில்லை. கால் பிடித்துவிடும் கருவி, ப்ளக் முனையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் மூடிகூட கழற்றவில்லை. கம்பளிக் கழுத்துத் துண்டு, விலைச்சீட்டை நான் கத்தரித்த இடத்தில் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றையும் பிரித்தபோது "அட, எவ்வளவு நல்லா இருக்கு!" என்று சொன்னவர்தான். பொய் சொல்லவில்லை, அந்த நிமிடம் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். தூசி படாமல் துணி போட்டு மூடி வேறு வைத்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

இது என் ஒருவனின் தவறு இல்லை என்று பிறகு தெரிந்தது. ஜெஃப் காலக், ஜூலியன் கிவி, எலனோர் வில்லியம்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், பரிசு பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கொடுப்பவர் யோசிப்பது காகிதத்தைப் பிரிக்கும் அந்த நிமிடத்தை. வாங்குபவர் யோசிப்பது அதை வைத்துக்கொண்டு இருக்கப்போகும் நாட்களை. பொருந்தாத பரிசுகள் பலவற்றுக்கும் காரணம் இந்த இடைவெளிதான் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். நான் சித்திக்கு வாங்கிய மூன்றும் பிரிக்கும் நிமிடத்துக்காக வாங்கியவை. அதன் பிறகு ஜனவரி 10ஆம் தேதி அந்தப் பொருள் எங்கே இருக்கும் என்று யோசித்துவிட்டுத்தான் எதையும் வாங்குகிறேன். பாதி யோசனைகள் அந்தக் கேள்வியிலேயே அடிபட்டுப் போகும்.

எல்லாம் இருப்பவரிடம் என்ன இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடையில் தேடாதீர்கள், அவர் வீட்டில் தேடுங்கள். வசதியானவர்கள் பெரிய பொருளை உடனே வாங்கிவிடுவார்கள். சின்னத் தொந்தரவோடு மட்டும் வருடக்கணக்கில் வாழ்வார்கள், அதற்காகக் கடைக்குப் போகத் தோன்றாது. அடுத்த முறை போகும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

எதை ரப்பர் பேண்டும் டேப்பும் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்? டிவி ரிமோட்டின் பின்மூடி, மூக்குக் கண்ணாடியின் காது, டார்ச் லைட். எதை அடிக்கடி தேடுகிறார்? ஒரே ஒரு படிக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடப்பவர்கள் எத்தனையோ பேர். அதே பவரில் இன்னும் இரண்டு வாங்கிக் கொடுத்தால் அந்த நடை மிச்சம். எது தேய்ந்து போயும் மாற்றாமல் இருக்கிறார்? தினமும் காலையில் அதே குவளையில்தான் குடிப்பார், விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். எதைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குகிறார்? ஏணி, நீளமான ஒயர், ஸ்க்ரூ டிரைவர்.

அப்புறம், அவர் புலம்புவதைக் கேளுங்கள். "இந்தக் கதவு ஒண்ணு", "இந்த போன்ல எழுத்து தெரியவே மாட்டேங்குது." இப்படி வருகிற ஒவ்வொன்றும் ஒரு பரிசுச் சீட்டு. சிக்கல் என்னவென்றால், ஜூன் மாதம் கேட்ட புலம்பல் டிசம்பரில் நினைவுக்கு வராது. போனில் ஒரு குறிப்பு திறந்து, பெயர் போட்டு, கேட்ட அன்றே எழுதி வையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்திக்கு அடுத்த வருடம் டார்ச் லைட் கொடுத்தேன். பழையதன் சுவிட்ச் நிற்காமல் அவர் அதை ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்ததை அன்றிரவே பார்த்துவிட்டேன். பிரித்தபோது "டார்ச்சா?" என்று சிரித்தார், அவ்வளவுதான். ஆனால் அது இன்றுவரை அவர் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

என்ன வேண்டும் என்று நேராகவே கேட்டால் சுவாரசியம் போய்விடாதா?

கொஞ்சம் போகும். வேண்டாத பொருள் வந்து சேர்வதைவிட அது பரவாயில்லை. ஆனால் "என்ன வேண்டும்?" என்று மொட்டையாகக் கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "உங்கள் குடை ஓட்டையாகிவிட்டதே, மடக்குக் குடை பிடிக்குமா, நீளக் குடையா?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் மனிதர்கள் சொல்லிவிடுவார்கள். நேராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் அவரோடு வாழ்பவரைக் கேளுங்கள். பெரியம்மாவுக்குத் தெரியாத பெரியப்பா ரகசியம் இருக்க முடியாது.

தீர்ந்துபோகும் பொருளைக் கொடுப்பது மலிவான யோசனை இல்லையா?

முதல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பாருங்கள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் கொண்டுவந்தவை பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். (மத்தேயு சுவிசேஷம் எத்தனை ஞானிகள் என்று சொல்லவில்லை, மூன்று என்பது பரிசின் எண்ணிக்கையிலிருந்து வந்தது.) மூன்றில் இரண்டு பிசின், எரித்தாலோ பூசினாலோ தீர்ந்துவிடும். யாரும் அதை மலிவு என்று சொன்னதாகத் தெரியவில்லை.

வீடு நிறைந்திருப்பவருக்கு ஒரு மாதத்தில் காலியாகிவிடும் பொருளைப்போல நிம்மதி தருவது வேறில்லை. ஒரே நிபந்தனை: அவர் ஏற்கெனவே பயன்படுத்துவதில், அவர் தனக்காக வாங்கத் தயங்கும் ஒரு படி மேலானதைக் கொடுங்கள். தினமும் எழுதுபவருக்கு நல்ல காகிதம், மை. தோட்டம் வைத்திருப்பவருக்கு அவர் தேடிக்கொண்டிருந்த விதை. சவரத்தில் அக்கறை உள்ளவருக்கு நல்ல பிளேடு ஒரு வருடத்துக்கு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக் கூடையாகக் கட்டி விற்கிறார்களே, அது வேண்டாம். பாதிக்கு மேல் காகிதச் சுருளும் கூடையும்தான், கூடையை எங்கே வைப்பது என்று மறுபடி ஒரு கவலை.

உணவுப் பொருள் என்றால் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஒவ்வாமை இவற்றை முதலில் விசாரியுங்கள். வாசனைத் திரவியம் மட்டும் வேண்டாம், அவரவர் மூக்கு அவரவருக்கு.

பழைய பொருளைச் சரிசெய்து கொடுப்பது பரிசாகுமா?

என் கணக்கில் இதுதான் முதலிடம். எல்லாம் வைத்திருப்பவரிடம் ஓடாமல் நின்றுபோனதும் ஒன்று இருக்கும். தூக்கிப்போட மனம் வராது, சரிசெய்ய நேரமிருக்காது. நின்ற கடிகாரம், கால் ஆடும் நாற்காலி, கட்டு விட்டுப்போன பைபிள், ஜிப் போன தோல் பை.

மாமாவின் கைக்கடிகாரம் அப்படி மேஜை டிராயரில் ஆறு வருடம் கிடந்தது. சாவி கொடுத்து ஓடும் ரகம். உள்ளே இருக்கும் எண்ணெய் காலப்போக்கில் காய்ந்து கெட்டியாகிவிடும், அதனால்தான் இந்தக் கடிகாரங்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அத்தையைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ரகசியமாக எடுத்துப் போனேன். கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "மேல்மூடியில நசுங்கல் இருக்கு, மெருகு போட்டுத் தரட்டுமா?" என்றார். போடுங்கள் என்றேன். கிறிஸ்துமஸ் அன்று மாமா அதைக் காதில் வைத்துக் கேட்டார், முகம் மலர்ந்தது. அப்புறம் கட்டைவிரலால் மூடியின் ஓரத்தைத் தடவினார். திரும்பவும் தடவினார். "இங்க ஒரு நசுங்கல் இருந்துச்சே" என்றார். கல்யாணமான புதிதில் பைக்கிலிருந்து விழுந்தபோது ஏற்பட்டதாம். அத்தைக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

எனவே ஓட வையுங்கள், புதுசாக்காதீர்கள். கீறல், கறை, பழைய ரசீது, பையின் உள்ளே இருக்கும் பேருந்து டிக்கெட் எதையும் கேட்காமல் தொடாதீர்கள். டிசம்பரில் பழுது பார்ப்பவர்களுக்கு வேலை குவியும், நவம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். விலைமதிப்புள்ள பொருள் என்றால் எடுத்துப்போகும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய போட்டோ, வீடியோ கேசட் எல்லாம் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. அவற்றை வைத்து ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், அதிலும் கேசட்டை இந்த வருடமே செய்யுங்கள். விஹெச்எஸ் (வீடியோ கேசட்) பிளேயரைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இன்று ஓடுவது எல்லாம் பழைய பிளேயர்கள்தான், அவையும் குறைந்துகொண்டே வருகின்றன. நாடாவில் பூசிய காந்தப் பூச்சும் வருடத்துக்கு வருடம் மங்குகிறது. பூஞ்சை பிடித்த கேசட்டை வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடாவும் போகும் பிளேயரும் போகும். அதை மாற்றித் தருபவரிடமே கொடுங்கள்.

போட்டோ விஷயம் வீட்டிலேயே முடியும். கையகலப் படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் பிறகு பெரிதாக்கி அச்சிடலாம். ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்திலிருந்து படம் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். பல் இடுக்கில் விடும் மெழுகு பூசாத நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுப்பதுபோல நகர்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். அப்படியும் வரவில்லை என்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். படத்தின் பின்னால் பெயர் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சில்தான். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்க முகத்தில் கோடு விழும்.

எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு நீட்டினால் அது பரிசு இல்லை, வீட்டுப்பாடம். ஆயிரம் படத்தில் நாற்பதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் யார், எங்கே, எப்போது என்று ஒரு வரி எழுதிச் சின்னப் புத்தகமாக அச்சிடுங்கள். அடையாளம் தெரியாதவர்கள் இருந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டு ஒரு பென்சிலையும் சேர்த்துக் கொடுங்கள். அன்று மதியம் முழுக்கக் குடும்பமே அந்தப் புத்தகத்தைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கும், "இது யாரு, உங்க ஓரகத்தியா?" என்று சண்டையும் நடக்கும்.

பெரியவர்களின் கதைகளைப் பதிவு செய்து கொடுக்கலாம் என்கிறார்களே?

2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு ஒரு சிறிய அறை வைத்தது. தெரிந்த இருவர் உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசுவார்கள், குரல் பதிவாகும், பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதற்கு நமக்கு போனும் கதவு மூடிய ஒரு அறையும் போதும்.

கேள்வியில்தான் இருக்கிறது சூட்சுமம். "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் யாருக்கும் வாய் திறக்காது. "நீங்கள் சின்ன வயதில் இருந்த வீட்டின் வாசல் கதவைத் திறந்தால் முதலில் எது கண்ணில் படும்?" என்று கேளுங்கள். அங்கிருந்து அவரே அறை அறையாகக் கூட்டிப்போவார். கையில் ஒரு பழைய போட்டோவைக் கொடுப்பதும் உதவும். இடையில் மௌனம் வந்தால் நீங்கள் நிரப்ப வேண்டாம். இது இரண்டு முறை பரிசாகிறது: கேட்க ஒருவர் வந்து உட்கார்ந்தது அவருக்கு, பதிவு மற்ற எல்லோருக்கும்.

பொருள் வேண்டாம், அனுபவமாகக் கொடுக்கலாமா? டிக்கெட், வகுப்பு, பயணம்?

கொடுக்கலாம். சிண்டி சான், கேசி மோகில்னர் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பொருளைவிட அனுபவமாகக் கொடுக்கும் பரிசு கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள உறவை அதிகம் நெருக்கமாக்குகிறது என்று கண்டார்கள். கொடுத்தவர் கூடப் போகாவிட்டாலும் அப்படித்தான்.

ஆனால் நடைமுறையில் இந்த வவுச்சர்கள் பலவும் டிராயரில்தான் உயிரை விடுகின்றன. தேதி குறிக்காத அனுபவம் நடக்காது. தேதியோடு, போகவர வண்டியோடு, இரண்டு டிக்கெட்டாகக் கொடுங்கள். ஒற்றை டிக்கெட் தனிமையை நினைவுபடுத்தும். வயதானவர் என்றால் படி எத்தனை, உட்கார இடமுண்டா, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று நீங்களே முன்னதாக விசாரித்துவிடுங்கள். "அதிர்ச்சி கொடுக்கலாம்" என்று உயரத்திலிருந்து குதிக்கும் விளையாட்டுக்கெல்லாம் எழுதிப் போடுவது உங்கள் ஆசை, அவருடையது இல்லை.

நேரத்தைப் பரிசாகக் கொடுப்பது? "உங்களுக்கு எப்போது வேண்டுமானாலும் உதவுவேன்" என்று அட்டை எழுதலாமா?

அந்த அட்டையை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், கேட்கக் கூச்சம். "ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன், உங்கள் போனில் இருக்கும் படங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்" என்று எழுதுங்கள். சொன்னபடி போங்கள். போகாவிட்டால் பரிசே கொடுக்காததைவிட மோசம்.

பணமாகவோ கிஃப்ட் கார்டாகவோ கொடுத்துவிட்டால் என்ன?

பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் உங்கள் பக்கம். 1993இல் அவர் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், வந்த பரிசுகளின் விலை என்ன, உங்கள் கணக்கில் அதன் மதிப்பு என்ன என்று கேட்டார். விலையில் பத்து சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை காணாமல் போகிறது என்று முடிவு வந்தது. அதிலும் தாத்தா பாட்டி, அத்தை மாமா போன்றவர்களின் பரிசில்தான் இழப்பு அதிகம்; அவர்கள்தான் பணமாகக் கொடுப்பதிலும் முன்னால் இருந்தார்கள். பெரியவர்களுக்குத் தங்கள் நிலைமை நன்றாகவே புரிந்திருக்கிறது!

மேலிருந்து கீழே பணம் அழகாகப் போகும். பெரியப்பா தம்பி மகனுக்குக் கொடுக்கலாம். அந்த மகன் பெரியப்பாவிடம் உறையை நீட்டினால் கணக்குத் தீர்ப்பதுபோல இருக்கும். எல்லாம் இருப்பவருக்குப் பணமும் இருக்கிறது என்பது இன்னொரு சிக்கல். கார்டு என்றால் அவர் ஏற்கெனவே போய்வரும் இடமாக இருக்கட்டும், காலாவதித் தேதியை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

அவர் பெயரில் நன்கொடை கொடுக்கலாமா?

அவருக்குப் பிடித்த காரியத்துக்கு என்றால் கொடுக்கலாம். உங்களுக்குப் பிடித்த காரியத்துக்கு அவர் பெயரில் கொடுத்தால் அது உங்கள் நன்கொடை, அவருக்கு ஒரு ரசீது மட்டும் மிச்சம். அவர் படித்த பள்ளியின் நூலகம், அவர் மனைவியைக் கவனித்துக்கொண்ட முதியோர் இல்லம், இப்படி அவர் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கும் இடமாகப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரிகிற நன்கொடை இன்னும் நல்லது. ஹெய்ஃபர் என்ற அமைப்பு 1944இல் தன் முதல் கிடாரிகளை அமெரிக்காவிலிருந்து போர்ட்டோ ரிக்கோவுக்குக் கப்பலில் அனுப்பியது. மாட்டை வாங்கும் குடும்பம் அது போடும் பெண் கன்றை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. "உங்கள் பெயரில் ஒரு பசு" என்று சொன்னால் ஏழு வயதுப் பேரனுக்கும் புரியும். ஆனால் ஏழு வயதுக்காரனுக்குப் பரிசாக அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பாவம்.

அவர்கள் விலை உயர்ந்த பரிசு கொடுக்கிறார்கள். நாமும் ஈடு கொடுக்க வேண்டுமா?

முடியாது என்றால் முயலவே வேண்டாம். பாதி தூரம் ஓடி மூச்சு வாங்குவது இருவருக்கும் தெரியும். விலையே தெரியாத ரகத்துக்கு மாறிவிடுங்கள்: நாற்பது போட்டோப் புத்தகத்துக்கு, ஓடவைத்த கடிகாரத்துக்கு யாரும் விலை போட்டுப் பார்க்க மாட்டார்கள். சான்டா கிளாஸுக்கு மூலமான புனித நிக்கலஸ் 4ஆம் நூற்றாண்டில் மைரா நகரத்து பிஷப். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் வீட்டில் அவர் இரவோடிரவாகப் பொன் முடிப்பை எறிந்துவிட்டுப் போனதாகக் கதை. கொடுத்தது யார் என்றே தெரியக்கூடாது என்பதுதான் அவர் கவலை. திருப்பிக் கொடுக்கிற பேச்சே எழவில்லை.

குடும்பம் பெரியது. இருபது பேருக்கும் வாங்கி முடியவில்லை.

சீட்டு குலுக்குங்கள். ஆளுக்கு ஒருவர் என்றால் யோசிக்க நேரம் கிடைக்கும். ஒரு சின்னச் சிக்கல்: எல்லோர் பெயரையும் கிண்ணத்தில் போட்டு எடுத்தால், நான்கு பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும், குறைந்தது ஒருவருக்குத் தன் பெயரே வர ஏறக்குறைய 63 சதவீத வாய்ப்பு உண்டு. கணக்கு அப்படி. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் "அய்யோ எனக்கு என் பேரே வந்திருக்கு, மறுபடி போடு" என்று நடக்கிறது. சீட்டுகளைக் குலுக்கி ஒரே வரிசையாக அடுக்குங்கள். ஒவ்வொருவரும் தனக்கு அடுத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டும், கடைசியில் இருப்பவர் முதலாமவருக்கு. ஒரே முறையில் முடிந்துவிடும். ரகசியம் காக்க, இதில் சேராத ஒருவர் அடுக்கட்டும்.

எதைத் தவிர்க்க வேண்டும்?

நாய்க்குட்டி, பூனைக்குட்டி. கேட்காதவருக்கு எடை பார்க்கும் மெஷின். அளவு தெரியாத உடை. மாதாமாதம் பணம் கட்ட வேண்டிய எதுவும். உங்கள் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதும்.

வந்த பரிசை வேறொருவருக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இரண்டு நிபந்தனை: பெறுபவருக்கு அது உண்மையில் உதவ வேண்டும், கொடுத்தவரும் பெறுபவரும் ஒரே அறையில் சந்திக்கக்கூடாது. உள்ளே "அன்புள்ள அத்தைக்கு" என்ற அட்டை இருக்கிறதா என்று பெட்டியின் அடிவரை பாருங்கள். நான் பார்க்கவில்லை ஒருமுறை. அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

காகிதம் சுற்றுவதற்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா?

நெருங்கியவருக்கு வேண்டாம். 2020இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், நண்பர் கொடுத்த பரிசு ஏனோதானோ என்று சுற்றியிருந்தபோது உள்ளே இருந்தது கூடுதலாகப் பிடித்திருந்தது. நேர்த்தியான உறை எதிர்பார்ப்பை ஏற்றிவிடுகிறதாம். அதிகம் பழகாதவர் கொடுத்தால் நிலைமை தலைகீழ், அங்கே நேர்த்திதான் நல்லது. ஆக, புது சம்பந்திக்கு ஒழுங்காகச் சுற்றுங்கள், தம்பிக்கு எப்படியோ சுற்றுங்கள்.

இன்றைய பளபளப்பான பரிசுக் காகிதமே ஒரு கடைசி நேரச் சமாளிப்பிலிருந்து பிரபலமானது. 1917இல் கன்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்கள் கடையில் மெல்லிய டிஷ்யூ தாள் தீர்ந்துபோக, உறைகளுக்கு உள்ளே ஒட்டும் பிரெஞ்சு அலங்காரத் தாளை எடுத்து விற்றார்கள். அந்தக் கடைதான் பிறகு ஹால்மார்க். காகிதத்தைக் கையில் கசக்கிப் பாருங்கள்: கசங்கியபடியே இருந்தால் மறுசுழற்சிக்குப் போடலாம், விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது.

24ஆம் தேதி மாலை ஆகிவிட்டது, கையில் எதுவும் இல்லை. என்ன செய்ய?

கடைக்கு ஓடாதீர்கள். அங்கே மிச்சமிருப்பது சித்தியின் மேல்தட்டுக்குப் போகவேண்டியவை.

போனை எடுத்து அவரோடு நீங்கள் இருக்கும் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். பின்னால் பென்சிலால் அன்று நடந்ததை நான்கு வரி எழுதுங்கள். கூடவே ஒரு தாளில், ஜனவரியில் ஒரு தேதியும் மணியும் போட்டு, அவர் வீட்டில் நீங்கள் சரிசெய்யப்போகும் ஒரு விஷயத்தை எழுதுங்கள். எதை என்று தெரியவில்லையா? அவர் வீட்டுக்கு போன் போட்டு, "அந்த பாத்ரூம் குழாய் இன்னும் சொட்டுதா?" என்று கேளுங்கள். சொட்டவில்லை என்றால், வேறு எது சொட்டுகிறது என்று அவரே சொல்லிவிடுவார்.